ஏழு வாரமாகியும் கையைக் கண்டால் மிரளும் பட்ஜி: மீண்டும் பழக்க முடியுமா?

கேள்வி: மலைக்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் எங்கள் வீட்டில் ஏழு வாரமாக ஒரு பட்ஜி என்னும் சிறு கிளியினப் பறவை வளர்கிறது. கடையில் "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். லவ் பேர்டு ஆப்பிரிக்கப் பறவை, இது ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர் (சுருக்கமாகப் பட்ஜி) என்பதே பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாங்கியபோது நெற்றி முழுவதும் இருந்த கறுப்பு வரிகள் இப்போது உதிர்ந்து மஞ்சள் தெளிந்து வருகிறது. அலகுக்கு மேலுள்ள சதைப்பகுதி நீலமாகி வருவதால் ஆண் என்று கருதி முத்து என்று பெயரிட்டிருக்கிறோம்.

முதல் பத்து நாள்களில் நான் கூண்டருகே அமர்ந்திருக்கும்போதே தினையைக் கொறிக்கும் அளவுக்கு முத்து தேறியிருந்தான். அதன்பின், தினமும் அரைமணி நேரம் கைக்குள் பிடித்து வைத்திருந்தால் மூன்றே நாளில் பழகிவிடும் என்று ஏதோ ஒரு காணொளியில் பார்த்த என் தம்பி, நான் வேலைக்குச் சென்றிருந்த வேளையில் துண்டைப் போட்டு அவனைப் பிடித்துவிட்டான். இப்படி நான்கு நாள் நடந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இப்போது தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கையை விட்டாலே எதிர்க் கம்பியில் ஒட்டிக்கொண்டு, அலகைத் திறந்து மூச்சுவாங்குகிறான். தம்பி அறைக்குள் வந்தால் சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிறான். இந்தப் பயம் நீங்குமா? சிறகை வெட்டினால் எளிதில் பழகும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: தாழ்வாரம்

சகோதரி, நீங்கும். ஆனால் முதல் முறை பத்து நாளில் வந்தது இம்முறை அதைவிடப் பல மடங்கு காலம் எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பதினான்கு ஆண்டுகளாக நான் பட்ஜிகளை வளர்க்கிறேன். கையில் பிடித்துப் பழக்குவதால் பயம் தெளிந்த பறவை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

1840இல் ஜான் கூல்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற பின்னரே இப்பறவை கூண்டுப்பறவையாகப் பரவியது. எத்தனை தலைமுறை கூண்டிலேயே பிறந்தாலும், வறண்ட நிலத்தில் கூட்டமாய்ப் பறந்து வல்லூறுக்குத் தப்பி வாழ்ந்த உள்ளுணர்வு அதற்குள் அப்படியே இருக்கிறது. மேலிருந்து இறங்கி உடலைச் சுற்றி மூடும் எதுவும் அதற்கு வல்லூறின் காலேதான். மேலும், பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே இருந்து மூச்சுவிட உதவும் தசை) கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள உடலை இறுக்கிப் பிடித்தால் மூச்சே முட்டும். கைக்குள் அது அசையாமல் இருந்தது பழகியதால் அன்று, அச்சத்தில் உறைந்ததால்தான். உங்கள் தம்பி அன்பினால்தான் செய்திருப்பார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு வாரம் கூண்டுக்குள் கையை விடும் வேலையைத் தண்ணீர், தீனி, சுத்தம் என்ற அளவோடு நிறுத்துங்கள். கூண்டு உங்கள் கண்மட்டத்தில், ஒரு பக்கமாவது சுவரையொட்டி இருக்கட்டும். (சமையலறைக்கு அருகில் மட்டும் வேண்டாம், நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமாகச் சூடேறினால் வரும் புகை பறவையின் உயிரையே பறித்துவிடும்.) தினமும் ஒரே நேரத்தில், முத்து சாப்பிடுவதை நிறுத்தாத தொலைவு எதுவோ அங்கே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருங்கள். அவன் இறகுகளை உடலோடு ஒட்டவைத்து மெலிந்து நிமிர்ந்து நின்றால் நீங்கள் அளவுமீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்; உடனே ஓரடி பின்னுக்கு வாருங்கள். இறகைச் சிலிர்த்து உதறுவது, அலகை அரைப்பது, ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவை நிம்மதியின் அடையாளங்கள். "வேண்டாம்" என்று அவன் சொன்னால் நீங்கள் விலகுவீர்கள் என்பதை அவன் முதலில் கண்டுகொள்ள வேண்டும். மற்றவை அனைத்தும் அதன்மேல்தான் எழும்பும்.

அடுத்தது தினைக்கதிர். தினைப்புனம் காத்த வள்ளி ஆலோலம் பாடி விரட்டிய கிளிக்கூட்டத்தின் உறவினனைத்தான் அதே தினையைக் காட்டி நாம் அழைக்கிறோம்! அன்றாடத் தீனியை ஒருபோதும் குறைக்காதீர்கள், பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை. ஆனால் கதிர் மட்டும் உங்கள் கையிலிருந்தே கிடைக்கட்டும். முழு நீளக் கதிரின் காம்பைப் பிடித்து, முழங்கையை எதன்மீதாவது ஊன்றி, அவன் நெஞ்சுமட்டத்துக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டுங்கள். முதலில் இரு கால்களாலும் குச்சியை இறுகப் பற்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி நுனியிலிருந்து ஒரே ஒரு மணியைப் பிடுங்குவான். அன்றைக்கு அது போதும். நாளுக்கு நாள் காம்பைக் குட்டையாகப் பிடித்து வந்தால், ஒரு நாள் ஒரு கால் உங்கள் நகத்தின்மீது படும். அந்த நொடியில் மூச்சைக்கூட மாற்றிவிடாதீர்கள். அதன்பின்தான் கால்களுக்குச் சற்று மேலே அடிவயிற்றில் விரலை மெல்லச் சேர்த்து "ஏறு" என்று ஒரே சொல்லைப் பழக்க வேண்டும்.

பதில்: கொல்லைமரம்

சிறகு வெட்டுவது குறித்து மட்டும் எழுதுகிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சொன்னதைக் கேட்டு என் பட்ஜிக்குச் சிறகை வெட்டினேன். ஓட முடியாததால் கையில் இருந்தது; விரும்பி இருந்ததாக ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாலை ஏதோ சத்தத்துக்கு மிரண்டு பறக்க முயன்று, மொசைக் தரையில் நெஞ்சடிபட விழுந்து, பல நாள் வலியோடு கிடந்தது. இன்றுவரை அது எனக்கு வேதனைதான். வெட்ட வேண்டாம். வெளியே விடும் நாள் வரும்போது சன்னல்களை மூடி, நிலைக்கண்ணாடியை மறைத்து, மின்விசிறியை நிறுத்தி, அது முழுவதும் நின்ற பிறகே கூண்டைத் திறங்கள்.

பதில்: காவிரிக்கரை

ஒரு சிறு எச்சரிக்கை. திருச்சி வெயிலில் அலகைத் திறந்து சிறகை விலக்கி மூச்சுவாங்குவது வெப்பத்தாலும் நிகழும். நீங்கள் விலகிய பிறகும் மூச்சிரைப்பு தொடர்ந்தால் கூண்டைக் காற்றோட்டமான நிழலுக்கு மாற்றி, குளிப்பதற்கு அகலத் தட்டில் தண்ணீர் வையுங்கள். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வாலை ஆட்டினால் அது நோய். பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுசெல்லுங்கள்.

மலைக்கோட்டை (ஆறு வாரங்களுக்குப் பின்)

தாழ்வாரம் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. மூச்சிரைப்பு நான் விலகியதும் நின்றுவிடுவதைக் கவனித்தேன், அது பயத்தினால்தான். நாற்காலியை முதலில் வாசற்படியருகே போட வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நாள் கதிர் நுனியிலிருந்து முதல் மணியை எடுத்தான். சென்ற வெள்ளிக்கிழமை என் ஆள்காட்டி விரல் நகத்தின்மீது வலக்காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். அந்தக் கால் அத்தனை வெதுவெதுப்பாக இருக்கும் என்று நான் எண்ணியதே இல்லை.

தம்பி தான் செய்ததை எண்ணி மிகவும் வருந்தினான். இப்போது மாலைதோறும் பாடப்புத்தகத்துடன் கூண்டிலிருந்து ஆறடி தள்ளித் தரையில் அமர்கிறான். அவன் கையிலிருந்து முத்து இன்னும் எதையும் வாங்குவதில்லை. ஆனால் நேற்று அவன் பக்கத்தைப் புரட்டியபோதும் தினையைக் கொறிப்பதை நிறுத்தவில்லை.