புதுப்பிப்பு: ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது

கோவையில் பார்த்த டிசைன் இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு, சான்சென்கார்ட்டே என்கிற வேலை தேடும் விசாவில் ஜெர்மனி போகலாமா, இல்லை ஆஃபர் வந்த பிறகு கிளம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் போ என்றீர்கள், மீதிப் பேர் திட்டினீர்கள். சரி, போய்விட்டேன். இப்போது ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில், இயந்திர பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை.

பணம்தான் எல்லோருடைய கேள்வியும். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு 13,092 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் (மொத்தமாக எடுக்க முடியாதபடி முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும், அங்கே போன பிறகு மாதாமாதம் அந்த அளவுதான் கைக்கு வரும். வாரம் 20 மணி நேரம் எந்தப் பகுதிநேர வேலையும் பார்க்கலாம் என்பதால் கிடங்கில் பெட்டி தூக்கினேன் (அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை).

எனக்குக் கைகொடுத்தது சோதனை வேலை. இந்த விசாவில் ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை வேலை செய்து காட்டலாம். அப்படிப் போன இடத்தில்தான் எடுத்துக்கொண்டார்கள்.

விசாவுக்கு ஜெர்மன் மொழியில் ஏ1 (தொடக்க நிலை) அல்லது ஆங்கிலத்தில் பி2 (நன்றாகப் பேசும் நிலை) போதும்தான், ஆனால் ஐடி இல்லாத ஆட்கள் அதை நம்பி வராதீர்கள், ஜெர்மன் பி1 (இடைநிலை) இல்லாமல் சின்ன கம்பெனிகளில் பேச்சே நகராது. அதே பி1 இருந்தால் ப்ளூ கார்டில் (பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதி) 21 மாதத்தில் நிரந்தர வசிப்பு அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். அப்புறம், உங்கள் கல்லூரி அனாபின் பட்டியலில் (வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அங்கே அங்கீகாரம் உண்டா என்று காட்டும் ஜெர்மன் தரவுத்தளம்) எப்படி இருக்கிறது என்று வேலையை விடுவதற்கு முன்பே பாருங்கள்.