ஊர் நூலகத்தில் கம்ப்யூட்டர்: பெண் பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

நீடாமங்கலத்தாள்:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய ஊர் நூலகம் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. தலைவரிடம் சாவி வாங்கி, ஒட்டடை அடித்து, பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து உட்காரும்படி செய்திருக்கிறேன். இருப்பது நாலு லேப்டாப். எல்லாம் ஊர் அக்கா அண்ணன்மார் ப்ளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப். பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும்.

ஆரம்பத்தில் உட்கார இடமில்லை. இப்போது எட்டாவது, ஒன்பதாவது பையன்கள் மட்டும் வந்து பிடித்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். டைப்பிங், எக்செல் என்று பாடமாக நடத்தினால் சரியாகுமா?

குடந்தை பிசி:

நடத்துங்க. முடிவுல ஒரு சர்டிபிகேட் கொடுங்க, அப்பா அம்மாவே கொண்டுவந்து விடுவாங்க. காலேஜ் போனா அரசோட 'நான் முதல்வன்' திறன் பயிற்சி இருக்கு, அதுக்கும் ஒரு அடிப்படை ஆச்சு.

கோரையாறு:

சர்டிபிகேட்ல எனக்கு உடன்பாடு இல்லைங்க. நாள் பூரா பாடம் கேட்டுட்டு வர்ற பிள்ளைக்கு அஞ்சு மணிக்கு இன்னொரு பாடமா? 1993-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல மிட்செல் ரெஸ்னிக்கும் நடாலி ரஸ்க்கும் கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பாடத்திட்டம் கிடையாது. பிள்ளை தனக்குப் பிடிச்சதைச் செய்யும், பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருப்பாங்க. அதே ரெஸ்னிக் குழுதான் 2007-ல ஸ்க்ராட்ச்சை வெளியிட்டது, பிள்ளைங்க தாங்களே கதை, விளையாட்டு செஞ்சு பாக்குற மென்பொருள். அதை இறக்கி வச்சுக்குங்க, நெட் இல்லாமலும் ஓடும்.

அது கிடக்கட்டும். உங்க நூலகம் எந்தத் தெருவுல இருக்கு?

எங்க ஊர்ல பெரிய தெருவுல, கோயிலுக்கு எதிர்த்தாப்புல. காலனித் தெருவுலேர்ந்து ஒரு பிள்ளை வரல. யாரும் தடுக்கலைன்னு ஊர்ல சொல்லுவாங்க. அந்தப் பிள்ளைங்க பெரிய தெருவுல கோலி விளையாடி யாராச்சும் பாத்திருக்காங்களா? அதனால வாரத்துல ரெண்டு நாள் லேப்டாப்பைப் பையில போட்டு அவங்க தெரு சமுதாயக்கூடத்துக்கே எடுத்துட்டுப் போனோம். நம்ம பக்கத்துக்கு இது ஒண்ணும் புதுசில்ல. 1931-லயே மன்னார்குடி மேலவாசல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில புத்தகம் ஏத்தி ஊர் ஊரா அனுப்பினார். கூட நின்னவர் சீர்காழிக்காரர், நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

பொண்ணுங்க விஷயத்துக்கு வர்றேன். ஆளுக்கு ஒரு லேப்டாப்னு விட்டா முதல்ல ஓடி வர்றவன்தான் உட்காருவான். வேலைக்கு ஒண்ணுன்னு பிரிங்க. எங்ககிட்ட ஏழாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு, அவ ஆத்தா பாடுன நடவுப் பாட்டை போன்ல எடுத்துட்டு வந்தா. ஒலியை வெட்டி ஒட்டுற ஆடாசிட்டி மென்பொருள்ல போட்டா, ஆத்தா இருமுற இடமெல்லாம் கோடு குத்திட்டு நிக்குது. ஒவ்வொண்ணா தேடி வெட்டினா. ரெண்டு சாயங்காலம் வேற யாரையும் அந்த லேப்டாப் பக்கம் அண்ட விடல. அப்புறம் ஆத்தாவையே கூட்டிட்டு வந்து ஹெட்போன் மாட்டினா, "இது நான் இல்லடி, எவளோ ரேடியோக்காரி"ன்னு கழட்டி வச்சிட்டாங்க!

அடுத்த வாரம் அந்தத் தெருக் கிழவிங்க "என்னையும் எடு"ன்னு வாசல்ல வந்து உட்கார்ந்தாங்க. பாட்டிமார் வாசல்ல இருந்தா பொண்ணை அனுப்ப எந்தத் தாயும் யோசிக்க மாட்டா. நான் திட்டம் போட்டு நடந்ததில்ல, ஆனா அன்னையிலேர்ந்து பொண்ணுங்க வரத்து குறையல.

பையன்களுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப், யார் வேணா திருத்தி ஏத்தக்கூடிய இணைய வரைபடம். சைக்கிள்ல போய் வாய்க்கால், மதகு எல்லாம் பாத்து, பேரு விசாரிச்சு ஏத்துறாங்க. ஒரே வாய்க்காலுக்கு மேலத்தெருவுல ஒரு பேரு, கீழத்தெருவுல ஒரு பேரு. ரெண்டையும் போட்டாச்சு, தகராறு இன்னும் தீரல.

பட்டுக்கோட்டை சர்வீஸ்:

தங்கச்சி, அந்த லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏத்துங்க. பழைய மெஷின் எந்திரிச்சு நடக்கும். சின்னதுகளுக்குப் படம் வரைய டக்ஸ் பெயின்ட், தமிழ்லயே வருது. ஐப்பசி கார்த்திகையில எதையும் தரையில வைக்காதீங்க, சுவரோரமும் வேண்டாம், ஓதம் ஏறும். 2018-ல கஜா அடிச்சப்ப எங்க பக்கம் கரண்ட் வர வாரக்கணக்காச்சு, அதனால இன்வெர்ட்டர் ஒண்ணு யார்கிட்டயாவது கேட்டு வாங்கிடுங்க. வீட்டு வரியோட ரூபாய்க்கு 10 காசு நூலக வரி நாம எல்லாரும்தான் கட்டுறோம். மாவட்ட நூலக அலுவலரையும் ஒரு தடவை பார்த்து மனு கொடுங்க, தப்பில்ல.

நீடாமங்கலத்தாள்:

கோரையாறு அண்ணா, நூலகம் மேலத்தெருவில்தான். கூடத்துக்கு எடுத்துப் போக எனக்குச் சம்மதம். ஆனால் லேப்டாப் வாசலைத் தாண்டினால் "தொலைந்தால் யார் பொறுப்பு" என்று தலைவர் கட்டாயம் கேட்பார். நீங்கள் என்ன செய்தீர்கள்?

கோரையாறு:

ஒரு நோட்டு போட்டோம்மா. எடுக்கறப்ப ஒரு கையெழுத்து, திருப்பி வைக்கறப்ப ஒரு கையெழுத்து. பெரியவங்க யாரும் போடக்கூடாது, தூக்கிட்டுப் போற பிள்ளைதான் போடணும். தலைவருக்கு அந்த நோட்டைக் காட்டுங்க. இதுவரைக்கும் எங்ககிட்ட காணாமப் போனது ஒரு மவுஸ்தான், அதுவும் பெரிய தெருவுல இருந்தப்ப.