குசினியில் காஸ் டிடெக்டர்: மேலே பூட்டுவதா கீழே பூட்டுவதா, வால்வுக்கு வயர் எப்படி?

உப்புவெளி விருந்தகம் எழுதியது:

வணக்கம். உப்புவெளியில் கடற்கரைப் பக்கம் சின்ன விருந்தகம் ஒன்று நடத்துகிறோம். குசினி பின்பக்கம் தனியாக இருக்கிறது. 37.5 கிலோ சிலிண்டர் இரண்டு வெளியே சுவரோரம் நிற்கின்றன, அங்கிருந்து செப்புக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வந்து மூன்று அடுப்புக்குப் போகிறது. சீசன் நேரம் விடிய அப்பத்துக்குப் பற்றவைத்தால் இரவு மீன் பொரியல் முடியும்வரை அடுப்பு அணையாது. 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்பு வெடித்த செய்தி வந்ததிலிருந்து அம்மாவுக்கு இந்தக் குசினியை நினைத்தாலே பயம். அதனால்தான் இந்த முறை சீசன் தொடங்க முன் டிடெக்டர் பூட்டிவிடுவோம் என்று முடிவு எடுத்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு டிடெக்டர் எடுப்பித்தேன். 12 வோல்ட், உள்ளே ஒரு றிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), அதில் கொம் (பொது முனை), என்ஓ (சாதாரண நேரம் திறந்திருப்பது), என்சி (சாதாரண நேரம் மூடியிருப்பது) என்று மூன்று டேர்மினல். கூடவே 12 வோல்ட் சொலனொயிட் வால்வு (கம்பிச் சுருளில், அதாவது கொயிலில், கரண்ட் போனால் இயங்கும் வால்வு), 9 வாட்ஸ், கரண்ட் இல்லாவிட்டால் மூடியிருக்கும் வகை. வயரிங் செய்ய வந்தவர் டிடெக்டரை சீலிங்கில், புகை டிடெக்டர் போல, அடுப்புக்கு நேர் மேலே பூட்டலாம் என்கிறார். அலாரம் அடித்தால் எக்ஸோஸ்ட் ஃபேனும் தானாக ஓடும்படி செய்து தருகிறாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே பூட்டுவது, வால்வை எந்த டேர்மினலில் கொடுப்பது, டிடெக்டரிலிருந்து வால்வுக்கு வயர் சுற்றிப்போக 25 மீற்றர் வரும், அதற்கு என்ன வயர், கரண்ட் போனால் என்ன நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏகாம்பரம் வீதி வயர்மன்:

தம்பி, சீலிங் வேண்டாம். நாங்கள் சமைக்கிற சிலிண்டர் காஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தரையோடு தரையாகப் படுத்து, கதவுக்குக் கீழாலும் தண்ணீர் போகிற கானாலும் ஓடும். சீலிங்கில் இருக்கிற டிடெக்டருக்கு அது எட்டும்போது அறை நிறைந்திருக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் மேலே பூட்டிக் காட்டுகிறார்கள்தான், அங்கே வீட்டுக்குக் குழாயில் வருவது மீத்தேன், அது மேலே ஏறும். இலங்கையில் வீட்டுக்கு அப்படிக் குழாய் காஸ் கிடையாது.

தரையிலிருந்து ஒரு அடி உயரம், அடுப்பிலிருந்து ஒன்றரை மீற்றருக்குக் குறையாமல் தள்ளி. அடுப்புக்கு ஒட்டிப் பூட்டினால் எண்ணெய்ப் புகை வலையில் படிந்து அடைத்துவிடும். குசினியை தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுவீர்கள் என்றால் முன்னால் சற்றுத் தள்ளி ஒரு தகடு மறைப்பு வையுங்கள், ஆனால் பக்கமும் கீழும் திறந்திருக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்திலும் வேண்டாம். கடற்காற்று நேரே அடிக்கிற இடத்தில் காஸ் நின்று சேராது, டிடெக்டர் சும்மா பச்சை லைட்டோடு இருக்கும்.

ஃபேன் விஷயத்தில் உங்கள் மனம் சொன்னதுதான் சரி. சாதாரண எக்ஸோஸ்ட் ஃபேன், சாதாரண சுவிட்ச், இரண்டிலும் பொறி வரும். காஸ் நிறைந்த அறையில் அதைத் தானாகப் போட்டுவிடுவது வேண்டாத வேலை. வெடிப்புக் காப்பு உள்ள ஃபேன் வாங்கி முறையாகச் செய்கிற இடங்கள் உண்டு, உங்களுக்கு அது தேவையில்லை. அதைவிட வெளிச் சுவரில் தரையோடு ஒட்டி இரண்டு துவாரம் எடுத்து எலி வராமல் வலை அடித்துவிடுங்கள். சிலிண்டர் நிற்கிற பக்கச் சுவரில் எடுக்க வேண்டாம், அங்கே கசிந்தால் உள்ளே வந்துவிடும். கரண்டும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம், எந்நேரமும் வேலை செய்யும்.

இனி வயரிங். 12 வோல்ட் பிளஸ்ஸை கொம்முக்குக் கொடுங்கள், என்சியிலிருந்து வால்வுக்கு. சாதாரண நேரம் என்சி மூடியிருக்கும், வால்வுக்கு கரண்ட் போகும், காஸ் வரும். அலாரம் அடித்தால் என்சி திறக்கும், வால்வு மூடும். என்ஓவில் கொடுத்து, கரண்ட் வந்தால் மூடுகிற வால்வு ஒன்றைப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் எலி ஒரு வயரைக் கடித்தால் போதும், அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், காஸும் வந்துகொண்டே இருக்கும். வயர் அறுந்தால் காஸ் நிற்க வேண்டும், அந்த மாதிரித்தான் கட்ட வேண்டும்.

9 வாட்ஸ் என்றால் 0.75 அம்பியர். 25 மீற்றர் போக வர 50 மீற்றர். 0.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறத்தாழ 1.8 ஓம், அதாவது 1.35 வோல்ட் வழியிலேயே போய்விடும். வால்வுக்கு 10.65 தான் சேரும். பெரும்பாலான கொயிலுக்கு பத்து வீதத்துக்கு மேல் குறையக் கூடாது, அதாவது 10.8. 1.5 வயர் போடுங்கள், இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். கொயிலின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வையுங்கள், 1என்4007 போதும், பட்டி போட்ட முனை பிளஸ் பக்கம். இல்லாவிட்டால் கொயில் ஓஃப் ஆகும் ஒவ்வொரு தடவையும் எழும்பி வருகிற வோல்ட்டேஜ் றிலேயின் காண்டாக்டைக் கருக்கும். கருகி ஒட்டிப்போன காண்டாக்ட் திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காது.

---

நிலாவெளி சமையல்:

வயர்மன் அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. நான் நிலாவெளியில் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறேன். கரண்ட் போனால் வால்வு மூடும், சரி. அடுப்பு அணையும், சரி. அந்த நேரம் ரெகுலேட்டரையோ அடுப்புத் திருகியையோ யாரும் மூட மாட்டார்கள், கையில் இருக்கிற வேலையை விட்டு வெளியே போய் ஜெனரேட்டர் போடப் போவார்கள். பிறகு கரண்ட் வந்தால் வால்வு தானாகத் திறக்கும், மூன்று அடுப்பிலும் பற்றாத காஸ் வெளியே வரும். கசிவைப் பிடிக்கப் பூட்டிய வால்வே கசிவை உண்டாக்கும். அடுப்பில் சுவாலை அணைந்தால் தானாக மூடும் பூட்டு இருந்தால் பரவாயில்லை, எங்கள் ஊர்க் குசினிகளில் இருக்கிற பெரிய வார்ப்பு அடுப்புகளில் அது கிடையாது.

கையால் றீசெட் செய்கிற வால்வு என்று ஒன்று இருக்கிறது, ஒருமுறை மூடினால் ஆள் வந்து இழுத்துவிட்டால்தான் திறக்கும். எங்கள் இடத்தில் அதுதான் இருக்கிறது. பக்கத்திலேயே சுவரில் "மூன்று அடுப்பும் மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகு இழுக்கவும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இன்னொன்று. இந்த டிடெக்டர் சிலிண்டர் காஸை மட்டும்தான் பார்க்கும். ஜெனரேட்டர் புகையும், மீன் சுடுகிற கரி அடுப்பும் காபன் மொனொக்சைட் விடும். அதற்கு மணம் கிடையாது, இந்த டிடெக்டரை நம்பி இருக்கக் கூடாது, அதற்கு வேறு டிடெக்டர். ஜெனரேட்டரை அறை ஜன்னலுக்குக் கிட்ட வைக்கவே வேண்டாம்.

---

உப்புவெளி விருந்தகம்:

அண்ணாமார் இருவருக்கும் மிக்க நன்றி. கரண்ட் திரும்பி வரும் விஷயம் என் யோசனையிலேயே வரவில்லை, படித்ததும் நெஞ்சு திக்கென்றது. நான் வாங்கியது தானாகத் திறக்கிற வால்வுதான். காசு கொடுத்து வாங்கியாயிற்று, இதையே வைத்துச் செய்ய வழி உண்டா? டிடெக்டருக்கு வந்த அடப்டர் 12 வோல்ட் 2 அம்பியர். குசினியில் ஃபிரிட்ஜ் இருக்கிற லைனில்தான் பிளக் இருக்கிறது.

---

ஏகாம்பரம் வீதி வயர்மன்:

நிலாவெளித் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் எழுதியதில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கிற வால்வை வைத்தே செய்யலாம். தண்ணீர் மோட்டர் ஸ்டார்ட்டர் எப்படிக் கட்டுவோமோ அதே வேலை. ஒரு 12 வோல்ட் றிலே, ஒரு பச்சை புஷ் பட்டன். பட்டனை அமத்தினால் றிலே இழுக்கும், றிலேயின் சொந்த என்ஓ காண்டாக்ட் பட்டனுக்குக் குறுக்கே நின்று பிடித்துக்கொள்ளும். வால்வு அந்த றிலேயிலிருந்து போகும். டிடெக்டரின் என்சி இந்த முழு லைனுக்கும் முன்னால் தொடரில். அலாரம் அடித்தாலும் கரண்ட் போனாலும் றிலே விழும், பிறகு எது திரும்பி வந்தாலும் ஆள் போய் பட்டனை அமத்தாமல் காஸ் வராது. பட்டனை அடுப்பைப் பார்க்கிற இடத்தில் வையுங்கள், அடுத்த அறையில் வேண்டாம்.

டிடெக்டருக்கும் வால்வுக்கும் ஒரே அடப்டரில் இருந்து கொடுக்க வேண்டும், இதை மாற்றவே கூடாது. தனித்தனி அடப்டர் என்றால், டிடெக்டரின் அடப்டர் மட்டும் செத்துப்போனால் அதன் றிலே சும்மா இருக்கும், என்சி மூடியே இருக்கும், காஸ் ஓடும், பார்க்க ஆள் இல்லை. ஃபிரிட்ஜ் லைனிலிருந்து பிரித்து மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். அடிக்கடி கரண்ட் போகிற காலம் என்றால் 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரியும் அதற்கான சார்ஜரும் வைத்தால் நாலைந்து மணித்தியாலம் தாங்கும், சமையல் நடுவில் நிற்காது.

---

மூதூர் இன்ஸ்ட்ருமென்ட்:

வளைகுடாவில் எண்ணெய் நிலையத்தில் டிடெக்டர் வேலைதான் பார்த்தேன், இப்போது ஊரில். மேலே சொன்ன எல்லாவற்றுடனும் உடன்படுகிறேன், விடுபட்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வால்வு. வீட்டு ரெகுலேட்டர் தாண்டி வருகிற காஸின் அழுத்தம் மிகக் குறைவு, 30 மில்லிபார் அளவு. பைலட் வகை, அதாவது காஸின் அழுத்தத்தையே துணைக்கு எடுத்துத் திறக்கிற சொலனொயிட் வால்வு திறக்க குறைந்தது 300, 500 மில்லிபார் வேண்டும். அதைப் பூட்டினால் கொயில் டிக் என்று சத்தம் போடும், காஸ் வராது, பிறகு வேலைக்காரர் பொறுமை இழந்து வால்வையே கழற்றி எறிந்து நேர்க்குழாய் பூட்டிவிடுவார். நேரடியாகத் திறக்கும் வகை வேண்டும், தகட்டில் அழுத்தம் 0 இலிருந்து தொடங்கும். உள்ளே இருக்கும் இறப்பர் நைட்ரைல் ஆக இருக்க வேண்டும். தண்ணீருக்கு விற்கிற வால்வில் அனேகமாக ஈபிடிஎம் என்ற வேறு வகை இறப்பர் இருக்கும், அது காஸில் ஊதி உப்பிக் கெட்டுவிடும்.

டிடெக்டர் பெட்டியில் ஃபோல்ட் என்று இன்னொரு றிலே இருக்கிறதா பாருங்கள். சென்சர் கம்பி அறுந்தாலோ உள்ளே பழுது என்றாலோ அது சொல்லும். இருந்தால் அதையும் என்சியோடு தொடரில் சேருங்கள். ஆனால் ஃபோல்ட் றிலே பெரும்பாலும் நல்லாக இருக்கும்போது இழுத்தபடியே நிற்கும், அதில் எழுதியிருக்கிற என்ஓதான் வேலை நேரத்தில் மூடியிருக்கும். எழுத்தை நம்பாமல், வயர் கொடுக்க முன் டிடெக்டரை ஓன் செய்து மல்ட்டிமீற்றரில் பீப் வருகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் எல்லோரும் பெட்டி ஓரத்தை சிலிக்கோன் பசையால் அடைக்கிறார்கள். டிடெக்டர் பக்கம் சிலிக்கோனைக் கொண்டுவரவே வேண்டாம். கெட்டலிற்றிக் வகை (சூடான மணியில் காஸை எரித்துக் கண்டுபிடிப்பது) சென்சரை அதன் ஆவி நஞ்சாக்கும், லைட் பச்சையாகவே இருக்கும், காஸ் வந்தாலும் தெரியாது. ஐபி65 (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் போகாத) பெட்டி, வயர் நுழைகிற இடத்துக்கு இறப்பர் வைத்த கிளாண்ட், வயர் கீழிருந்து உள்ளே போக வேண்டும். செப்பு முனைகளுக்கு ஈயம் பூசிய லக் அடித்துவிடுங்கள், உப்புவெளிக் காற்றில் வெறும் செப்பு கொஞ்ச நாளில் பச்சை பிடிக்கும்.

வால்வு வெளியே ரெகுலேட்டருக்குப் பிறகு வரட்டும், ஆனால் றிலே, அடப்டர், பட்டன் எதுவும் சிலிண்டர் பக்கம் வரக் கூடாது. சிலிண்டருக்கு அருகில் பொறி வரக்கூடிய எதையும் வைப்பதில்லை. கொயிலுக்கு வயர் நடுவில் மூட்டு இல்லாமல் ஒரே இழுப்பாகப் போகட்டும்.

பூட்டியதும் இரண்டு நாள் ஓனில் விடுங்கள், இன்னொரு வகையான செமிகொண்டக்டர் சென்சர் சூடாகி நிலைக்க அவ்வளவு வேண்டும். டெஸ்ட் பட்டன் அலாரத்தையும் றிலேயையும் மட்டும்தான் பார்க்கும், சென்சரை அல்ல. சிகரெட் லைட்டரைப் பிடித்து ஊதிப் பார்க்காதீர்கள், காற்றுக் கலக்காத லைட்டர் காஸ் கெட்டலிற்றிக் சென்சரைக் கெடுத்துவிடலாம். அளவிட்ட சோதனைக் காஸ் சின்னக் குப்பியில் வரும், விற்பவரிடமே கேளுங்கள். காலாவதி ஆண்டை பெட்டியின் முன்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். நுளம்பு ஸ்பிரே, பெயின்ட், தின்னர் பக்கத்தில் பாவித்தாலும் செமிகொண்டக்டர் வகை அடிக்கும், அதற்காக யாரும் வயரைக் கழற்றிவிடாமல் ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள்.

---

நிலாவெளி சமையல்:

அலாரம் அடித்தால் என்ன செய்வது என்பதையும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். லைட் சுவிட்சையோ ஃபேனையோ போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். எரிகிற அடுப்பை மூடிவிட்டு, கதவைத் திறந்து விட்டு வெளியே போய், சிலிண்டர் வால்வைக் கையால் மூட வேண்டும். ஃபோன் எடுப்பது வெளியே தள்ளி வந்த பிறகு, தீயணைப்புக்கு 110.

---

உப்புவெளி விருந்தகம்:

எல்லாம் எழுதி வைத்துவிட்டேன். வயரிங் காரரிடம் இதை அப்படியே காட்டினேன், அவரும் சீலிங்கை விட்டுவிட்டுக் கீழே பூட்ட ஒத்துக்கொண்டார், மோட்டர் ஸ்டார்ட்டர் மாதிரி என்றதும் உடனே விளங்கிவிட்டது. வால்வின் தகட்டில் 0.5 முதல் 8 பார் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் இது சரிவராதா?

---

மூதூர் இன்ஸ்ட்ருமென்ட்:

சரிவராது. 0.5 பார் என்றால் 500 மில்லிபார், உங்கள் லைனில் அது திறக்கவே திறக்காது. கடையில் மாற்றித் தருவார்களா கேளுங்கள். மாற்றும்போது கொயிலையும் 12 வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள், அதே அளவு வால்வில் 230 வோல்ட் கொயிலும் வரும். முடிந்தால் நிலாவெளித் தம்பி சொன்ன கை றீசெட் வகையையே கேளுங்கள், அப்போது பச்சை பட்டன் வேலையே தேவைப்படாது. வாங்க முன் தகட்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.