வளவில் பார்த்த லீ நிங்

லீ நிங்கை நான் முதன்முதலில் பார்த்தது 2008 ஆகஸ்ட் 8 அன்று இரவு, காரைக்குடியில் எங்கள் வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் இருந்த தொலைக்காட்சியில். பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் கம்பி வடத்தில் தொங்கியபடி, கையில் தீப்பந்தத்தோடு அரங்கின் மேல்விளிம்பை அந்தரத்திலேயே ஓடிச் சுற்றிவந்து கொப்பரையை ஏற்றியபோது, வீடே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஐயா மட்டும், "யாரப்பா இவர், என்ன தொழில் பார்க்கிறார்?" என்று கேட்டார். பினாங்கில் கடையின் பணப்பெட்டியருகே உட்கார்ந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, கடையையே நடத்தும் மேலாளாக ஊர் திரும்பியவருக்கு, யாரைப் பார்த்தாலும் முதலில் எழும் கேள்வி அதுதான்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் சீனாவுக்காக அவர் 3 தங்கம், 2 வெள்ளி, 1 வெண்கலம் வென்றதைச் சொன்னேன். தங்கங்களில் இரண்டு வேறொருவரோடு பகிர்ந்துகொண்டவை என்றதும், "கூட்டு வியாபாரமா?" என்று சிரித்தார். 1988 சியோலில் சறுக்கி விழுந்து பதக்கமின்றித் திரும்பியவரை, தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய நாடே ஏசியது. ஓய்வுக்குப் பின் ஜியான்லிபாவ் என்ற பானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அதன் ஆதரவோடு 1990இல் தம் பெயரிலேயே விளையாட்டு உடை நிறுவனம் தொடங்கினார். 2004இல் அது ஹாங்காங் பங்குச்சந்தைக்கு வந்தது.

பதக்கக் கணக்குக்குத் தலையசைத்ததோடு நிறுத்திக்கொண்ட ஐயா, பானக் கம்பெனி என்றதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படியென்றால் முறையாகப் பெட்டியடியில் உட்கார்ந்துதான் எழுந்திருக்கிறார்" என்றார். அந்த ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வ ஆதரவாளர் அடிடாஸ் என்பதையும், உலகமே பார்க்க ஓடியவர் அதன் போட்டி நிறுவனத்தின் முதலாளி என்பதையும் சொன்னபோது, அந்நேரத்தில் ஒருநாளும் காபி குடிக்காதவர் அப்பத்தாவிடம் காபி கேட்டார்.

அதன் பிறகு அமெரிக்காவில் நைக்கியின் சொந்த வட்டாரமான போர்ட்லாந்திலேயே அந்த நிறுவனம் கடை போட்டு, அது நிலைக்காமல் போனதும், 2012இல் கூடைப்பந்து வீரர் ட்வைன் வேடை ஒப்பந்தம் செய்ததும் ஐயா கேட்டிருக்க வேண்டிய சேதிகள். முந்தையதைத்தான் அவர் துருவித் துருவிக் கேட்டிருப்பார். 2019இல் இறகுப்பந்து வீராங்கனை பி.வி. சிந்துவும் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

சென்ற மாதம் மகளுக்கு இறகுப்பந்து மட்டை வாங்கச் செக்காலை ரோட்டுக் கடைக்குப் போயிருந்தேன். கடைப் பையன் ஒரு மட்டையை எடுத்து நரம்பைச் சுண்டிக் காட்டி, "லீ நிங் சார், சிந்து கம்பெனி" என்றான். நான் வளவில் பார்த்த அந்த மனிதரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், கைப்பிடியில் இருந்த எழுத்தை மறுபடி ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆள் பேரா சார்?" என்று கேட்டான்.