லொக் என்பதற்கு 'நிகழேடு'

அன்பின் நண்பர்களுக்கு,

கணினி தன்னில் நடப்பவற்றை நேரத்தோடு எழுதிவைக்கும் லொக் (log) கோப்புக்குப் 'பதிவுக் கோப்பு' போதும் என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிறப்புப் பதிவு, பதிவுத் தபால், முகநூல் பதிவு என்று பதிவு ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. 'பயனர் பதிவு' என்று திரையில் வந்தால், புதிதாகச் சேர்வதா, பயனர் செய்தவற்றின் குறிப்பா? லொக் என்றே விட்டுவிடவும் வழியில்லை. பூட்டுக்கும் தமிழில் அதே எழுத்துத்தான். "எக்கவுண்ட் லொக் ஆயிட்டுது, லொக்கைப் பாருங்கோ" என்று யாழ்ப்பாணத்துக் கணினிக் கடையில் சொன்னால் காதுக்கு விளங்கும். எழுத்தில் விளங்காது.

சொல் வந்த வழியைப் பாருங்கள். லொக் முதலில் வெறும் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க, ஈயம் வைத்துக் கனமாக்கிய கால்வட்ட மரத்துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்னால் எறிவார்கள். கட்டை நீரில் நிமிர்ந்து அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னே போகக் கயிறு அவிழும். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் கையைக் கடந்த முடிச்சுகளின் எண்ணிக்கைதான் வேகம். கடல்வேகத்தை இன்றும் 'நொட்' என்று சொல்வது அந்த முடிச்சால்தான். அந்தக் கணக்கை எழுதிய புத்தகம் லொக் புத்தகமாகி, பிறகு புத்தகம் உதிர்ந்து லொக் மட்டும் நின்றது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போன கடற்கரை நம்முடையது. இந்தச் சொல்லின் கதை நமக்கு அந்நியமாக இருக்கத் தேவையில்லை.

கணிதத்து லொக் (logarithm) வேறு. 1614இல் கணித அறிஞர் நேப்பியர் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கியது. அதற்கு மடக்கை இருக்கிறது, அதைத் தொடவேண்டாம்.

கட்டையைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. நேர ஒழுங்கில், நடந்தது நடந்தபடி, ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்ப்பது என்ற இயல்பு வந்தால் போதும். '10:42:07 இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற ஒரு வரியைப் பாருங்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எங்கள் பாடசாலைகளில் அதிபர் எழுதும் லொக் புத்தகத்துக்குச் 'சம்பவத்திரட்டுப் புத்தகம்' என்று பெயர். பொருள் அச்சொட்டாக இருக்கிறது, ஆனால் ஒரு பட்டியில் அடங்காத நீளம். 'திரட்டி' என்று சுருக்கலாம் என்றால், அது வலைப்பதிவுகளைச் சேர்த்துக் காட்டும் தளத்துக்குப் போய்விட்டது.

ஆகவே நிகழ் + ஏடு, நிகழேடு. ஏடு பழசு என்று தள்ளாதீர்கள். எழுத்தாணியால் கீறியதை அழித்து எழுதுவது இலேசல்ல. லொக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும். வேற்றுமை உருபும் தடையின்றி ஏறுகிறது: நிகழேட்டை, நிகழேட்டில். வழு நிகழேடு (error log), அணுகல் நிகழேடு (access log), கணக்காய்வு நிகழேடு (audit log) எல்லாம் வாயில் நிற்கின்றன. வினைக்கு 'நிகழேட்டில் ஏற்று'.

தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கும் புகுபதிகை (log in), விடுபதிகை (log out) இரண்டையும் மாற்றக் கூடாது. அங்கே வேலை உள்ளே போவதும் வெளியே வருவதும், குறிப்பெழுதுவது அல்ல.

லொக் லெவலுக்கு 'நிகழேட்டு மட்டம்' என்று போட்டுப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு வரியையும் எச்சரிக்கை, வழு, தகவல் என்று தரம் பிரிப்பதுதானே அங்கே நடக்கிறது? 'நிகழேட்டுத் தரம்' என்றால் கோப்பின் தரம் என்று பிழையாக விளங்குமா? வலையமைப்பு வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கோ.