சங்கத்தில் தனிக்குழு கேட்கலாமா? பெங்களூர் ஜிஐஎஸ் ஆட்கள் சொல்லுங்கள்

ஓசூர்_பஸ்:
நான் உறுப்பினராக இருக்கும் ஜிஐஎஸ் (கணினியில் வரைபடமும் இடத்தகவலும் கையாளும் துறை) சங்கத்தின் பெங்களூர் கிளையில் சிறப்புக் குழுக்கள் ஆரம்பிக்கிறார்கள். நகர்ப்புறம், சுற்றுச்சூழல், ஏஐ என மூன்று. நாலு வருடமாக எனக்கு வேலை தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை லேயர்கள்தான் (வரைபடத்தின் மேல் ஒவ்வொன்றுக்கும் போடும் தனி அடுக்கு), அதனால் நகர்ப்புறத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே சொத்துவரிக்காரர், மெட்ரோவில் வேலை செய்பவர், ட்ரோன் விற்பவர் எல்லாரும் ஒரே மேசையில். மண்ணுக்கடியில் போகிற குழாய், கேபிளுக்கு மட்டும் தனிக்குழு கேட்கலாமா? கேட்டால் என் தலையிலேயே கட்டிவிடுவார்களோ?

பழைய_சங்கிலி:
கட்டத்தான் செய்வார்கள் தம்பி, பரவாயில்லை, கேளுங்கள். பிரிட்டனில் இடத்தகவலை எப்படிக் கையாள்வது என்று அரசு அமைத்த சோர்லி குழுவின் 1987 அறிக்கையைத் தொடர்ந்து, 1989ல் ஏஜிஐ என்ற ஜிஐஎஸ் சங்கம் வந்தது. அங்கே அமைந்த குழுக்களின் பெயரைப் பாருங்கள்: கடலும் கடற்கரையும், குற்றத்தடுப்பு, சொத்துப் பராமரிப்பு. எல்லாம் வேலையின் பெயர். ‘ஏஐ’ என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கூட்டம் வரும், அப்புறம் நாற்காலிதான் மிஞ்சும்.

மல்லேஸ்வரம்_அக்கா:
பெயர் நன்றாக இருந்தும் படுத்த குழுவை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் நானும் அதில் இருந்தேன். நாலு கூட்டம், நாலும் ஸ்லைடு, கடைசியில் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங்கும் வேலை விளம்பரமும். ஒரே ஒரு நாள்தான் உருப்படியாகப் போனது. கிருஷ்ணகிரி பக்கத்துக் குழாய் லேயரை ஒரு பையன் லேப்டாப்பில் திறந்தான், பம்ப் ஹவுஸ் எல்லாம் அரபிக்கடலில், லட்சத்தீவுக்கு வடக்கே போய் உட்கார்ந்திருந்தது! உலகத்தை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் மண்டலம் 43க்கும் 44க்கும் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை, அது சூளகிரி பக்கம்தான் போகிறது. பெங்களூரும் ஓசூரும் 43, கிருஷ்ணகிரி 44. டேட்டா 44ஆம் மண்டலத்தின் குறியீட்டு எண்ணான 32644ல் இருக்க, யாரோ பழக்க தோஷத்தில் 43க்கான 32643 என்று போட்டுவிட்டார்கள், மொத்தமும் 6 டிகிரி மேற்கே நகர்ந்துவிட்டது. அன்று டீ ஆறியும் யாரும் எழுந்திருக்கவில்லை. அதனால் முதல் விதி, பிபிடி கிடையாது, அவரவர் கெட்டுப்போன ஃபைலைக் கொண்டுவர வேண்டும்.

ஓசூர்_பஸ்:
அக்கா, அதே தப்பை நானும் செய்திருக்கிறேன், எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள் :) முதல் கூட்டத்துக்கு என்ன எடுக்கலாம்?

பழைய_சங்கிலி:
கோட்டின் நம்பகம். குழாய் எங்கே போகிறது என்று எல்லாரும் கோடு போடுகிறார்கள், அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்று யாரும் எழுதுவதில்லை. பழைய வரைபடத்தைப் பார்த்துப் போட்டதா, ரேடார் ஓட்டிக் கண்டதா, குழி தோண்டிக் கண்ணால் பார்த்ததா? 2014ல் பிரிட்டன் கொண்டுவந்த பாஸ் 128 என்ற நிலத்தடிக் குழாய் சர்வே விதிமுறை இதைத்தான் டி (பழைய வரைபடம் மட்டும்) முதல் ஏ (கண்ணால் பார்த்தது) வரை தரம் பிரிக்கிறது. உங்கள் லேயரின் அட்டவணையில் அந்தத் தரத்தை எழுத ஒரு கட்டமாவது இருக்கிறதா? 2023ல் நம் ஊரிலும் தோண்டுவதற்கு முன் சொல்ல ‘கால் பிஃபோர் யூ டிக்’ ஆப் வந்துவிட்டது, ஆனால் பதில் சொல்பவர் கையில் இருக்கும் கோடு டி தரமென்றால் ஜேசிபிக்காரர் என்ன செய்வார்?

ஓசூர்_பஸ்:
கேட்டுவிட்டேன். “நீங்களே நடத்துங்க”ன்னு செயலாளர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். சனிக்கிழமை, கப்பன் பார்க் பக்கம் இடம் பார்க்கிறேன். அக்கா, அந்த லட்சத்தீவு ஃபைல் இன்னும் இருக்கிறதா?