பழைய ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா: உங்கள் கையில் எது ஓடுகிறது?

சேலத்தான்:
ஃபிலிம் என்றதும் எல்லோரும் தேடி ஓடுவது கையால் ஃபோகஸ் திருப்பும் உலோகக் கேமராக்களைத்தான். விலை ஏறிக் கிடப்பதும் அவற்றுக்குத்தான். 1985இல் மினோல்டா 7000 வந்ததற்கு அப்புறம் வரிசையாக இறங்கிய ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர்களை, அதாவது தானே ஃபோகஸ் செய்யும், லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராக்களைச் சீந்துவாரில்லை. கறுப்பு பிளாஸ்டிக், பார்க்க லட்சணம் கிடையாது. என் பைக்குள் தினமும் கிடப்பது அந்த ரகம்தான்: 1988இல் வந்த நிக்கான் எஃப்-801.

நாலு பென்சில் பேட்டரி போதும், பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ஷட்டர் 1/8000 நொடி வரை போகிறது. ஐஎஸ்ஓ 200 (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) ரோலைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலிலும் லென்ஸின் ஒளித் துளையான அபெர்ச்சரை 2.8 வரை திறந்து வைக்கலாம். 1/1000-இலேயே நின்றுவிடும் பழைய கேமராவில் இது நடக்காது.

ஃபோகஸுக்கு நடுவில் ஒரே இடம்தான். அதுவும் செங்குத்துக் கோடுகளைத்தான் பிடிக்கும். கடைத்தெருவில் ஷட்டர் இறக்கிய கடை முன்னால் நின்று பாருங்கள்: எல்லாம் படுக்கைக் கோடு. லென்ஸ் கர்ர் கர்ர் என்று முன்னும் பின்னும் ஓடிவிட்டுத் தோற்று நிற்கும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்து, பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் வாங்கி, விரலை எடுக்காமல் நேராக்கிக் கிளிக் பண்ண வேண்டியதுதான். இரண்டு ரோலில் கை பழகிவிடும்.

மோட்டார் கேமராவுக்குள் இருக்கிறது. லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் திருப்புளி முனைதான் லென்ஸைச் சுற்றுகிறது. அதனால் இந்த முனையால் சுழலும் ஏஎஃப்-டி லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். தனக்குள்ளேயே மோட்டார் வைத்திருக்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வராது. அபெர்ச்சர் வளையம் இல்லாத ஜி லென்ஸில் அபெர்ச்சர் நம் கையில் இருக்காது, கேமராவே அபெர்ச்சரை முடிவு செய்யும் பி, எஸ் மோடுகள் மட்டும்தான். 50 மிமீ 1.8 டி ஒன்று இருந்தால் வேறெதுவும் தேடத் தோன்றாது.

கண்ணாடிக்காரன்:
நான் கேனான் கட்சி. 1987இல் ஈஓஎஸ் 650-உடன் வந்த இஎஃப் மவுண்ட்டை அவர்கள் பல வருஷம் மாற்றவே இல்லை. என் டிஜிட்டல் ஃபுல் ஃபிரேமில் (35 மிமீ ஃபிலிம் அளவுக்கு சென்சார் உள்ள கேமரா) போடும் அதே 50 மிமீ லென்ஸை அப்படியே ஃபிலிம் உடலில் மாட்டுகிறேன், எல்லாம் வேலை செய்கிறது. சின்ன சென்சார் டிஜிட்டலுக்கென்று செய்த இஎஃப்-எஸ் லென்ஸ் மட்டும் ஏறாது.

ஈஓஎஸ் 5-இல் நம் கண் எங்கே பார்க்கிறதோ அங்கே ஃபோகஸ் ஆகும் வசதி உண்டு. 1992இலேயே கொடுத்துவிட்டார்கள்! என் கண்ணாடி வழியே அது சில நாள் சொன்னபடி கேட்கும், சில நாள் அதற்கே மூட் இருக்காது.

வீட்டில் அதிகம் ஓடுவது ஈஓஎஸ் 300. ரோலைப் போட்டதும் முழுவதையும் வெளியே இழுத்துக்கொண்டு, எடுக்க எடுக்க டப்பாவுக்குள் திருப்பிச் சுற்றும். ஒரு நாள் என் பெண் கேமராவின் பின்கதவைத் திறந்துவிட்டாள். வெளியே கிடந்த, இன்னும் எடுக்காத ஃபிலிம்தான் போச்சு. அவள் பிறந்தநாள் படங்கள் அத்தனையும் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தன.

பழைய ஈஓஎஸ் 600 வகையை வாங்குபவர்கள் பின்கதவைத் திறந்து ஷட்டர் தகடுகளைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு வருஷக்கணக்கில் உருகிக் கறுப்புப் பிசினாகித் தகட்டில் ஒட்டும். கறை தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆல்பம்சார்:
நான் கல்யாண வீடுகளில் எடுத்தவன். அரைகுறை வெளிச்ச மண்டபம், ஹோமப் புகை வேறு. தாலி கட்டும் நேரத்தில் கையால் ஃபோகஸ் திருப்புவது என்ன பாடு என்று எங்களைக் கேளுங்கள். எஃப்-801 மேல் எஸ்பி-24 ஃபிளாஷை மாட்டினால், அது இருட்டில் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சி ஃபோகஸுக்கு வழி காட்டும். நாங்கள் அப்பாடா என்று மூச்சு விட்டது அதற்கப்புறம்தான். தம்பிகள் கையால் ஃபோகஸ் திருப்பும் கேமராவின் பழைய சுகம் என்று பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்கும் முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி ஓடியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். தோல் உறைக்குள்ளேயே போட்டு மூடி வைக்கவும் கூடாது.

புதுரோல்:
அண்ணே, நிக்கானில் எஃப்-801, எஃப்90 இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. எதை எடுக்கட்டும்?

சேலத்தான்:
எஃப்90 எடுங்கள் தம்பி. அதன் சென்சார் படுக்கைக் கோட்டையும் பிடிக்கும், கேமராவைச் சாய்க்கும் வித்தையே வேண்டாம். ஏஎஃப்-எஸ் லென்ஸும் ஓடும். பின்கதவு பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் பயப்படாதீர்கள், மேல்பூச்சு இளகியிருக்கிறது, அவ்வளவுதான். மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கித் துணியில் நனைத்துத் தேய்த்தால் வந்துவிடும்.